தூங்காத நாற்பது ஸ்கேனர்கள்

“ஏழு மணி நேரம் பத்து நிமிஷம். அதுக்கு மேல மூச்சு இல்லை” என்று மேலாளர் அந்தக் கறுப்புக் கருவியை மேஜையில் வைத்தார். அடிபட்ட குருவியை வைப்பதுபோல் மெதுவாக வைத்ததுதான் பயமாக இருந்தது.

கிடங்கு ஆட்கள் கையில் பிடித்தபடி அலமாரிகளுக்கு நடுவே நடந்து, பெட்டிகளின் பார்கோடைப் படிக்கும் ஸ்கேனர் அது. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஒரு ஷிப்ட், அதாவது எட்டு மணி நேரம், தாங்க வேண்டும். அப்படி நாற்பது கருவிகளை ஒரு கிடங்குக்குச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் நாற்பதும் திரும்பி வரும். கூடவே தன் பிரிவுக்கும் பூட்டு விழும் என்பது தாலாட்டுக்குத் தெரியும்.

தாலாட்டு என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். கருவியின் மூளையான ப்ராசஸரை, வேலை இல்லாத நேரத்தில் தூங்க வைப்பது அவள் வேலை.

“நேத்து ஒன்பது மணி நேரம் நின்னுச்சே சார்?”

“நேத்து நின்னுச்சு. இன்னிக்கு நிக்கலை. என்னன்னு பாரும்மா.”

நேற்று நின்ற பெருமையில் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஒவ்வொரு கருவியும் எத்தனை மணி நேரம் தூங்கியது என்று பட்டியல் போட்டு, அவரும் ரசிக்கட்டுமே என்று கிடங்கு மேற்பார்வையாளருக்கும் அனுப்பினாள். ‘ரொம்ப உபயோகம். தினமும் அனுப்புங்க’ என்று பதில் வந்தது. கெர்னலின் அருமை தெரிந்த ஒரு மேற்பார்வையாளர்! அன்று அவளுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

அருமை இல்லாமலா? ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஆள் நடக்கும் பத்து வினாடி, ப்ராசஸருக்கு ஒரு யுகம். அந்த யுகத்தை எப்படிச் சும்மா கழிப்பது என்று தீர்மானிப்பது கெர்னல். கருவிக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் நிரல் அது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவதுபோல் லேசான தூக்கம் ஒன்று உண்டு. கூப்பிட்டதும் எழுந்துவிடலாம், மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சம்தான். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, இழுத்துப் போர்த்திக்கொள்ளும் ஆழ்ந்த தூக்கமும் உண்டு. அதில் செலவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் போர்த்திப் படுக்கவும் உதறி எழவும் ஒரு செலவு இருக்கிறதே! படுத்த கையோடு எழுப்பினால், படுக்காமலே இருந்திருக்கலாம். ஆகவே, அடுத்து எப்போது எழுப்புவார்கள் என்று படுக்கும் முன்பே ஊகிக்க வேண்டும். வைத்த அலாரங்களைப் பார்த்து, இதற்குமுன் சில தடவை எவ்வளவு நேரம் தூங்கக் கிடைத்தது என்று பார்த்து, நாம் கண் இமைப்பதற்குள் கெர்னல் அதை ஆயிரம் தடவை ஊகித்துவிடும். அதை நினைத்தால் தாலாட்டுக்கு இன்றும் புல்லரிக்கும்.

செத்த கருவியின் பதிவைத் திறந்து பார்த்தாள். நொடிக்கு இரண்டு தடவை பட்டன் அழுந்தி அதை எழுப்பியிருந்தது.

எதிர் மேஜையில் இருந்த சாலிடரைக் கூப்பிட்டாள். கம்பிகளைப் பற்றவைத்துக் கருவிக்கு உடம்பு கட்டுவது அவன் பொறுப்பு; அதுவும் அலுவலகம் வைத்த பெயர்தான்.

“உன் பட்டன் தானா அழுந்துதுடா.”

“என் பட்டன் சொக்கத்தங்கம். உன் தூக்கம்தான் அரைகுறை. வீணா என் பட்டன் மேல பழி போடாதே.”

அவள் ரோஷப்பட்டு, சின்ன இடைவெளி கிடைத்தாலும் நேராக ஆழ்ந்த தூக்கத்துக்கே போகும்படி கெர்னலை மாற்றினாள். புதன்கிழமை கருவிகள் ஐந்து மணி நேரத்தில் செத்தன. நொடிக்கு இரண்டு தடவை போர்த்திப் படுத்து, இரண்டு தடவை உதறி எழுந்தே களைத்திருந்தன.

வீட்டில் மாமியார் கேட்டார்: “ஏம்மா முகம் தொங்கிப் போச்சு?”

“ப்ராசஸர் தூங்க மாட்டேங்குது அத்தை.”

“மெஷினைத் தூங்க வைக்கவா அத்தனை வருஷம் படிச்சே? நான் மூணு பிள்ளைங்களைத் தூங்க வெச்சேன். ஒருத்தரும் எனக்குப் பட்டம் குடுக்கலை.”

அன்றைய பட்டியலில் ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. இருபத்தேழாம் எண் கருவி மட்டும் நிம்மதியாகத் தூங்கியிருந்தது. அதன் ரகசியம் தெரிந்தால் மற்றதையும் திருத்திவிடலாம். அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுப் பட்டியலை அனுப்பிவிட்டு, மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள்.

“இருபத்தேழு யார் கையில இருக்கு சார்? அவர் என்ன பண்றார்னு கொஞ்சம் கவனிங்களேன்.”

“நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். கவனிச்சுடறேன்.”

என்ன அக்கறை!

வியாழக்கிழமை முதலில் செத்தது இருபத்தேழுதான். மற்றவை மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் வரை இழுத்துக்கொண்டு கிடந்தன.

“நாளைக்குச் சாயங்காலம் அவங்க முடிவு சொல்லிடுவாங்க” என்றார் மேலாளர். “எட்டு மணி நேரம் வேணாம். ஒரு காரணமாவது கொண்டு வா.”

வெள்ளிக்கிழமை அவளே கிடங்குக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் இல்லை. உணவறையிலிருந்து மட்டும் ஓயாமல் டொக் டொக் என்று ஒரு சத்தம்.

எட்டிப் பார்த்தாள்.

நீள மேஜையில் ஸ்கேனர்கள் வரிசையாகக் கிடந்தன. நெட்டையான ஒருவர் இரண்டு கட்டைவிரலாலும் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் பட்டன்களை அழுத்திக்கொண்டே போனார். கடைசிக்கு வந்ததும், “அக்கா, உங்க முறை!” என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இடது கையால் முதல் கருவியிலிருந்து தொடங்கினாள். மூலையில் தலையாட்டும் மின்விசிறியின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டியிருந்தார்கள். விசிறி இப்படித் திரும்பினால் ஆறு பட்டன், அப்படித் திரும்பினால் ஆறு பட்டன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நொடி வீணாகாமல், ஒருவர் கை ஓயுமுன் அடுத்தவர் கை வந்து, நாற்பது பேர் சாப்பாட்டையும் விடாமல் நடத்திய அந்த முறைமாற்றம்! இத்தனை நேர்த்தியாக அவளால் ஒரு நிரல்கூட எழுத முடிந்ததில்லை.

“அண்ணே, யாருண்ணே இதை ஏற்பாடு பண்ணினது? பிரமாதம்!”

நெட்டையர் வெட்கப்பட்டார். “எல்லாரும் சேர்ந்துதாம்மா. விசிறி மட்டும் அக்கா யோசனை. நீங்க யாரு?”

“பேட்டரி ஏன் நிக்கலைன்னு பார்க்க வந்திருக்கேன்.”

“அப்பாடா! வந்தீங்களே” என்று அவர் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

“இதுங்களை ஏண்ணே தூங்க விடாம அடிக்கறீங்க?”

அவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“மெஷின் தூங்கின நேரமெல்லாம் நாங்க தூங்கின நேரம்னு, தினமும் சாயங்காலம் யாரோ ஒருத்தர் பட்டியல் எழுதி எங்க சூப்பர்வைசருக்குப் போட்டுக் குடுக்கறாங்கம்மா, அந்த ஆளை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, இது எட்டு மணி நேரமும் ஜம்முனு நிக்கும்!”