மணி வேண்டாம் என்ற டாக்டர் ரதோவான்

'ஒரே ஒரு சின்ன சந்தேகம்' என்று ஆரம்பிக்கும் மனிதரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குடியிருப்போர் சங்கத்தில் இருப்பார், கல்யாணப் பேச்சுவார்த்தையில் இருப்பார். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வது, கணினி மொழிக்கு இலக்கணம் வகுக்கும் குழுக்களில்தான். அங்கே ஒரே ஒருவர் எதிர்த்தாலும் தீர்மானம் திரும்பிப் போய்விடும் என்பது விதி. சந்தேகக்காரருக்கு வேறென்ன எரு வேண்டும்?

எங்கள் குழுவில் அந்தப் பதவியை வகித்தவர் டாக்டர் ரதோவான். அவருடைய சந்தேகங்களுக்கு ஆறு வருஷமாக இரையானவர் யித்கா என்ற இன்ஜினியர். யித்கா கேட்டது என்ன, ராஜ்ஜியத்தில் பாதியா? பொத்தானை அழுத்தினாலோ, கடிதம் வந்தாலோ, கதவு திறந்தாலோ, 'எனக்குச் சொல்' என்று முன்பே பெயர் கொடுத்து வைத்த நிரலை மொழியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த வசதி இல்லாததால் ஒவ்வொரு நிரலும் 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் வரைவு நீளம் என்றார் டாக்டர். சுருக்கிக் கொண்டுவந்தால் விவரம் போதவில்லை என்றார்; விவரம் சேர்த்தால், இத்தனை விவரம் தேவைப்படுவதே கோளாறின் அறிகுறி இல்லையா என்றார்; ஐந்தாவது வரைவில் எல்லாம் சரியாக இருந்தபோது, எல்லாம் சரியாக இருப்பதுதான் தன்னை உறுத்துகிறது என்றார். கெட்டவரா? சேச்சே. கெட்டவர் எதிர்த்துவிட்டுப் போய்விடுவார். இவர் ஒவ்வொரு முறையும் யித்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அருமையான வேலை, இன்ஜினியரம்மா. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டாங்க" என்பார். மொழிக்குத் தன்னை விட்டால் காவல் கிடையாது என்று மனசார நம்பினார்.

ஏழாவது வரைவு புருனோ ஊருக்கு வந்தது. ஓட்டல் மாடியில் ஐந்து நாள் கூட்டம். வெள்ளிக்கிழமை மதியத்தோடு மொழியின் அடுத்த பதிப்புக்குக் கதவு சாத்தப்படும். தவறவிட்டால் இன்னும் மூன்று வருஷம். இதுவும் போனால் குழுவை விட்டே போய்விடுவேன் என்று தலைவர் மிலோஷிடம் யித்கா சொல்லியிருந்தார். சொல்லும்போது குரல் உடைந்தது.

அந்த ஓட்டலில் காபி வைத்ததும் பணிப்பெண் தாழ்வாரத்தில் ஒரு சின்ன மணியை ஆட்டுவார். திங்கட்கிழமையே டாக்டர் அதற்கு முடிவு கட்டினார். மணி அடித்தால் சிந்தனை அறுந்துபோகிறதாம். "கூப்பிடற ஏற்பாடெல்லாம் எதுக்கு? வேணும்கிறவங்க எட்டிப் பாத்துக்கட்டும்" என்றார். மணி நின்றது. அன்று முதல் முப்பது மேதாவிகளும் முறைவைத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தோம். எல்லோரையும்விட அதிகம் எட்டிப் பார்த்தவர் டாக்டர்தான். கசகசா வைத்த கொலாச் ரொட்டி என்றால் அவருக்கு உயிர். அது முதல் ஐந்து நிமிஷத்தில் தட்டோடு காலியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை. யித்கா பேசி முடித்து உட்கார்ந்தார். டாக்டரின் சட்டைப்பையில் சந்தேகம் ஒரு துண்டுத்தாளில் தயாராக இருந்தது. ஆனால் அவருக்கு முன்னே இரண்டு பேர், அந்த வசதிக்கு என்ன பெயர் வைப்பது என்று கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். பெயர்ச் சண்டை என்றால் அரைமணி நேரத்துக்குக் குறையாது என்பது அவர் அனுபவம். ஒருமுறை எட்டிப் பார்த்தார், காபி வரவில்லை. திரும்பி வந்தார், சண்டை ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாவது முறை போனபோது காபி வண்டி தாழ்வாரத்தின் கோடியில் உருண்டு வருவது தெரிந்தது. இன்னும் இருபதடிதானே என்று நின்றுவிட்டார்.

உள்ளே அந்த இரண்டு பேரும், வரலாற்றில் முதன்முறையாக, டாக்டர் வெளியே நின்ற இரண்டே நிமிஷத்தில் சமாதானமாகிவிட்டார்கள்.

எதிர்ப்பு உண்டா என்று மிலோஷ் வழக்கப்படி மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை அவர் கண் கதவுப் பக்கம் போனது, வாய் நிற்கவில்லை. யாரும் மூச்சு விடவில்லை. மௌனம் சம்மதம் என்பதும் எங்கள் விதிதான்.

டாக்டர் உள்ளே வரும்போது கையில் இரண்டு கொலாச், மீசையில் சர்க்கரை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யித்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?"

"தீர்மானம் நிறைவேறிடுச்சு, டாக்டர்" என்றார் மிலோஷ்.

டாக்டர் துண்டுத்தாளைத் தேடினார். கையில் ரொட்டி இருந்ததால் எடுக்க முடியவில்லை. "என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

யித்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கூப்பிடற ஏற்பாடெல்லாம் வேண்டாம்னு திங்கட்கிழமை நீங்கதானே சொன்னீங்க, டாக்டர்?"

ஆறு வருஷத்தில் முதல்முறையாக டாக்டருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. ஒரு கொலாச்சை யித்காவிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

கதை சரிதான், ஆனால் மூன்று முறை கேட்டது தாழ்வாரத்துக்குக் கேட்டிருக்காதா, அதை மட்டும் தெளிவுபடுத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? வெட்கப்படாதீர்கள். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.