வேட்டித் திரையில் ஒரு திருடன்

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்குப் பொதுவான வியாதி ஒன்று உண்டு. 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. வருடத்துக்கு ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறோம். அந்த ஒரு மாதத்தில் பிள்ளை எதையாவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வருடம் படித்துக்கொண்டு வந்தா பதில் சொல்ல முடியும்? அதனால் ஒட்டகத்துக்கு ஏன் திமில் இருக்கிறது என்பதில் தொடங்கி, விமானம் ஏன் கீழே விழுவதில்லை என்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு பதில் வைத்திருப்போம். (பாதி தப்பாக இருக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் விமானம் ஏறியிருப்போம்.)

எனக்கு இந்த வியாதி முற்றிப்போய், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரறிய வெளிப்பட்டது.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய காலம் அது. குவைத்தில் ஃபஹாஹீல் என்ற ஊரில் இருந்தேன். எண்ணெய் வயல்களுக்குக் குழாய் பதிக்கும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆஃபீசர் வேலை. அதாவது, வெயிலில் வெந்துகொண்டிருப்பவர்களிடம் போய் 'ஹெல்மெட்டைப் போடு' என்று சொல்லி வசவு வாங்குவது. நான் மதுரையிலிருந்து கிளம்பி வந்தபோது என் மகள் வைஷ்ணவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். குடும்ப விசா கிடைத்து, வீடு பிடித்து, அவளையும் என் மனைவி சுமதியையும் வரவழைத்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நடுவில் நான் பார்த்ததெல்லாம் லீவில் வந்த சில மாதங்கள்தான். மற்றதெல்லாம் வார லீவான வெள்ளிக்கிழமைகளில், போனில்.

அந்த ஏப்ரலில் வந்து இறங்கியவள் என்னோடு சண்டை போடவில்லை, அடம் பிடிக்கவில்லை. மரியாதையாக இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சாப்டீங்களாப்பா?" என்பாள். "டி.வி. சத்தத்தக் கொறைக்கட்டுங்களாப்பா?" என்பாள். நான் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்து இடம் விடுவாள். நான் கணக்கு வைத்திருந்த பேங்கில்கூட என்னிடம் யாரும் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. அவள் அம்மாவிடம் கத்துவாள், தட்டைத் தள்ளிவிடுவாள், மடியில் படுத்துக்கொள்வாள். என்னிடம் மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல.

சுமதி சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "இங்க பாருங்க, ஜூன்ல ஊர்ல ஸ்கூல் தொறந்துரும். அவளுக்கு இங்க ஒட்டுச்சுன்னா இருப்போம். ஒட்டலன்னா நாங்க கெளம்புறோம். பிள்ளைய இப்பிடி வாயடைச்சு உக்கார வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் போய்விட்டால் எனக்கு மறுபடியும் தனி ரூம், மறுபடியும் வெள்ளிக்கிழமை போன்.

ஒருநாள் வைஷ்ணவி மதுரையில் இருக்கும் மாமா மகளோடு போனில் பேசுவதைக் கேட்டேன். மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் இருவரும் சேர்ந்து விளையாடிய ஏதோ ஒரு கேமைப் பற்றி. பெயர் இன்றைக்கும் எனக்குச் சரியாக வாயில் நுழையாது. தலை முதல் கால் வரை கவசம் மாட்டிய வீரர்கள் வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போடுவார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த வாரமே கடைத்தெருவில் டி.வி.டி. விற்கும் பங்களாதேஷ்காரரிடம் விசாரித்தேன். "ஹை பாய், ஹை! கார்ட்டூன் ஹை. பச்சா லோக் குஷ்!" என்று ஒரு டி.வி.டி.யை எடுத்து நீட்டினார். இருக்கிறது, பிள்ளைகள் குஷியாகிவிடுவார்கள் என்கிறார். அட்டையில் அதே ஹெல்மெட். அந்த கேமை வைத்து ஜப்பான்காரர்கள் எடுத்த கார்ட்டூன் படமாம்.

வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினேன். வைஷ்ணவி அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இது தெரியுமாப்பா?"

அந்த இடத்தில் மனுசனாகப் பிறந்தவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"இதா? அப்பாவுக்கு அத்துப்படி" என்றேன்.

"நெசமாவா? அப்ப ஒங்களுக்கு இதுல யாரப் புடிக்கும்?"

"எல்லாருமே நல்லாத்தான் சண்ட போடுறாங்க" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவப் போய்விட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஆனால் மகளை அசத்த வேண்டும் என்ற வெறி. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீட்டில் படம் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆபீசில் சேஃப்டி மீட்டிங்குக்கு வைத்திருந்த புரொஜெக்டரைக் கேட்டு வாங்கிவந்தேன். ஹாலில் வெயில் வராமலிருக்க ஜன்னலெல்லாம் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டினேன். திரைக்கு என் கல்யாண வேட்டி. அதில் ஒரு சாண் அகலத்துக்கு டிசைன் போட்ட பச்சைக் கரை இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். (விண்கலங்கள் கரை ஓரமாக வரும்போதெல்லாம் வயல்வரப்பில் பஸ் போகிற மாதிரி இருந்தது.)

கூட்டம் நன்றாகவே வந்தது. எதிர் ஃப்ளாட் கோமதி அக்கா, அவர் கணவர், மாடி வீட்டுப் பிள்ளைகள், இன்னும் சில குடும்பங்கள். என் சைட்டில் ஃபோர்மேனாக இருக்கும் ராமநாதபுரத்துக் காளிமுத்து அண்ணனையும் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து சாப்பிட அழைத்திருந்தேன். அவர் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வைஷ்ணவி முதல் வரிசை.

படம் ஆங்கிலத்தில் ஓடியது. கீழே அரபியில் எழுத்து. ஐந்தாவது நிமிடம் கோமதி அக்கா கேட்டார்: "தம்பி, இதுல ஹீரோ யாரு?"

எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்தான் வாயில் வராதே. எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "இவருதான் அக்கா. பச்சைக் கவசம்" என்று தொடங்கி, அப்படியே தமிழில் விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

கால்மணி நேரத்தில் அந்தப் பச்சைக் கவசம் செத்துப்போனது.

பரவாயில்லை, ஹீரோ பிழைத்துக்கொள்வார் என்று நானும் காத்திருந்தேன். பிழைக்கவில்லை. அதற்குள் வேறு மாதிரி வரைந்த படங்கள் வர ஆரம்பித்தன. ஆட்கள் எல்லாரும் திடீரென்று குண்டாகிவிட்டார்கள். ஆனால் அதே பச்சைக் கவசம் வந்து நின்றது. "செத்தவன் எப்பிடித் தம்பி வந்தான்?" என்றார் கோமதி அக்கா.

"இது அவன் தம்பி அக்கா" என்றேன்.

விஷயம் என்னவென்றால், அது ஒரு கதை இல்லை. தனித்தனியான குட்டிக் கதைகள். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பாணியில் வரைந்து எடுத்திருக்கிறார்கள். டி.வி.டி. அட்டையின் பின்னால் அப்படித்தான் போட்டிருந்ததாம். நான் வளர்ந்த ஊரில், சினிமா என்றால் ஒரு ஹீரோ, ஒரு வில்லன், நடுவில் இடைவேளை. ஒரே உடுப்பில் இரண்டு பேர் வந்தால் இரட்டை வேடம், மூன்று பேர் வந்தால் சின்ன வயதில் திருவிழாவில் பிரிந்துபோன அண்ணன் தம்பிகள். ஆகவே மூன்றாவது கதையில் ஒரு பெண் கவசம் மாட்டிக்கொண்டு வந்தபோது நான் தயங்கவே இல்லை. "தங்கச்சி!" என்று அறிவித்தேன். "குடும்பம் ஒண்ணு சேரப் போகுது பாருங்க." கோமதி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை நிறுத்தி இடைவேளை விட்டு, பஜ்ஜியும் டீயும் கொடுத்தேன். வைஷ்ணவி பஜ்ஜி சாப்பிடவில்லை. குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகுதான் வந்தது அது.

இந்தக் கதை அமைதியாக இருந்தது. சண்டையே இல்லை. மழை பெய்கிற ஒரு மத்தியானம், வயல் நடுவில் ஒரு வீடு. கவசம் மாட்டிய ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். நெடுநேரம் தயங்கிவிட்டு உள்ளே போகிறான். அலமாரியைத் தொட்டுப் பார்க்கிறான். ஒரு சின்னச் செருப்பை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்து பார்க்கிறான். உள் அறையிலிருந்து ஒரு சிறுமி கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் நிற்கிறாள்.

ஒரு மணி நேரமாக வில்லனைக் காணாமல் நானே தவித்துப்போயிருந்தேன். "வந்துட்டான்யா வில்லன்!" என்று கத்தினேன். "திருட வந்திருக்கான். பாருங்க, ஹெல்மெட்டக் கழட்டவே மாட்டான். கழட்டுனா மொகம் தெரிஞ்சுரும்ல, களவாணிப் பய!"

"அய்யோ, சும்மா இருப்பா!"

வைஷ்ணவி எழுந்து நின்றிருந்தாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவள் நிழல் வேட்டியில் பெரிதாக விழுந்தது.

"அது திருடன் இல்லப்பா. அது அவ அப்பா."

திரையைக் கை காட்டினாள்.

"ரொம்ப வருசமா சண்டைக்குப் போயிட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காரு. அவ கொழந்தையா இருக்கயில போனவரு. ஹெல்மெட்டக் கழட்டுனா 'நீங்க யாரு'ன்னு கேட்ருவாளோன்னு பயம். அதான் போட்டுக்கிட்டே நிக்கிறாரு. இதுகூடவா ஒனக்குத் தெரியல?"

தெரியவில்லை. அத்தனை பேர் இருந்த அந்த ஹாலில், அந்த ஆளைத் திருடன் என்று சொல்லத் தகுதி இல்லாத ஒரே ஆள் நான்தான். லீவில் ஊருக்குப் போய் இறங்கும்போதெல்லாம் இவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு' என்று ஒருதடவை அவளாகவே தன் பொம்மையிடம் என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு வலித்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. வேட்டிக்குப் பக்கத்தில், படத்தின் மழை பாதி என் முகத்தில் விழ, அசையாமல் நின்றேன். அவமானத்தில் காது சுட்டது.

காளிமுத்து அண்ணன்தான் முதலில் பேசினார். "நெசந்தான் பாப்பா. போன லீவுல எம்மவன் என்னயப் பாத்து, 'எம்மா, யாரோ வந்திருக்காக'ன்னுட்டு உள்ள ஓடிட்டான். நானும் ஏதோ கடன்காரன் கணக்கா வாசல்லயே நின்னேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கோமதி அக்காவின் கணவர் குனிந்து தன் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லு பாப்பா. அப்புறம் என்னாச்சு?" என்றார் காளிமுத்து.

மிச்சப் படத்துக்கு வைஷ்ணவிதான் கதை சொன்னாள். நான் அவள் விட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிறுமி கட்டையை இறக்குகிறாள். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறாள். ஹெல்மெட்டோடு எப்படிக் குடிப்பது? அந்த ஆள் டம்ளரையே பார்க்கிறான். பிறகு இரண்டு கையாலும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். நமக்கு அவன் பின்னந்தலைதான் தெரிகிறது. அத்தோடு கதை முடிந்தது.

"மூஞ்சியக் காட்டவே இல்லியே?" என்று கோமதி அக்கா குறைப்பட்டுக்கொண்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்ல அத்தை. நமக்கெதுக்கு?" என்றாள் என் மகள்.

எல்லாரும் போன பிறகு நான் ஜன்னலில் ஒட்டிய பைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்குப்பா அப்பிடி அடிச்சுவிட்ட?"

"தெரியாதுன்னு சொன்னா நீ எழுந்திருச்சுப் போயிருவியோன்னு நெனச்சேன்."

"தெரிஞ்ச மாரி பேசுனாத்தான் எழுந்திருச்சுப் போகணும்போல இருந்துச்சு" என்றாள். பையைச் சுருட்டிக்கொண்டே, "அந்தத் தங்கச்சி விசயம் மட்டும் நல்லாருந்துச்சு" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இரண்டு பேருமே சிரித்தோம். சுமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் முழுக்க வைஷ்ணவி எனக்கு அந்த கேமைச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.

மே மாதக் கடைசியில் சுமதி மதுரைக்கு டிக்கெட் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த இந்தியப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை வைஷ்ணவி அங்கேதான் படித்தாள். அத்தனை வருடமும் நான் டியூட்டி முடித்து வந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து ஒரே குரல்தான் வரும்: "எம்மா, திருடன் வந்துட்டான்! தண்ணி குடு!" சுமதியும் தண்ணீரோடு வருவாள். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்திருந்தால் எதற்காக இப்படிச் சொல்கிறார்கள் என்று விழிப்பார்கள். விளக்கம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்வேன், அவள் திருத்துவாள்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். நான் குவைத்தை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் அவள் வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். பேத்திக்கு இரண்டரை வயது. முந்தைய தடவை நான் பார்த்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவள். குடுகுடுவென்று ஓடி வந்து, பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னாலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னை அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்று பெட்டியோடு வாசலிலேயே நின்றேன்.

"யாருடி வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து வைஷ்ணவி கேட்டாள்.

என்ன சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறாளோ, குழந்தை முகமெல்லாம் சிரிப்பாகி, மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது:

"திருடன்!"

எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ஒருவர் கிரிக்கெட் மட்டையோடு வெளியே வந்து, என்னையும் என் பெட்டியையும் முறைத்துப் பார்த்தார்.

"ஆமா சார், நான்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, சந்தோஷமாக உள்ளே போனேன்.