பின்சீட்டில் ஓர் ஊறுகாய்க் கறை

ஸ்வைப் மெஷினைப் பார்த்ததும் ரத்தக் கொதிப்பு ஏறுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பருத்திப்பட்டில், எங்கள் அபார்ட்மெண்ட் தரைத்தளத்தில் இருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. 'ரெண்டு பர்சென்ட்' என்று கேட்டால் வாசலில் படுத்திருக்கும் நாய்கூட அவர் வீட்டைக் காட்டும்.

கார்டில் பணம் கட்டினால் மேலே ரெண்டு சதவீதம் போடுகிறார்களே 'வசதிக் கட்டணம்', அதுதான் அவருடைய ஜென்மப் பகை. சினிமா டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்க மாட்டார். ஷேர் ஆட்டோ பிடித்து அம்பத்தூர் தியேட்டருக்கே போவார். போக வர ஆகும் செலவு அந்தக் கட்டணத்தைவிட அதிகம். ஒருமுறை டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்தவரிடம், படம் எப்படி என்று கேட்டேன்.

"படம் எப்டி கீதோ யாருக்குத் தெரியும் நைனா? ஆனா அவனுக்குக் குடுக்கல பாரு."

திங்கட்கிழமை வந்தால் ரயிலேறி, திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரே மனுவைக் கொடுப்பார். தியேட்டர்காரர்களும் வண்டி விற்பவர்களும் வாங்கும் அந்தக் கட்டணத்துக்கு அரசு ஒரு வரம்பு வைக்க வேண்டும், அதையும் கடை வாசலிலேயே போர்டில் எழுதிப் போட வேண்டும். அங்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். மனுவுக்குத்தான் பதில் வரவில்லை.

இப்படிப்பட்டவர் காதில், நான் கார் வாங்கப் போகும் சேதி விழுந்தது.

நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு டயாலிசிஸ். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் குலுங்கிப் போய்த் திரும்பும்போது பாதி வழியில் வாந்தி எடுப்பார். அவருக்காகத்தான் கார். லோன் போக முன்பணத்தைத் திரட்டியபின், கையில் மிஞ்சியது அடுத்த வார டயாலிசிஸ் பணம் மட்டும். அப்பாவும் நானும் ஷோரூமுக்குக் கிளம்பியபோது, கூப்பிடாமலே டிபன் பாக்ஸுடன் ஆட்டோவில் ஏறிக்கொண்டார் ரெண்டு பர்சென்ட்.

பணம் கட்டும் நேரத்தில்தான் மேனேஜர் வாயைத் திறந்தார். கார்டோ ஆன்லைனோ, எதில் கட்டினாலும் வசதிக் கட்டணம் உண்டாம். ரொக்கமாக அவ்வளவு வாங்க மாட்டார்களாம். அவர் கேட்டது அப்பாவின் அடுத்த வாரத்தை.

ரெண்டு பர்சென்ட் சண்டை போடவில்லை. மாலை போட்டு நிறுத்தியிருந்த எங்கள் காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பவ்யமாகச் சுருட்டி ஓரம் வைத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தார். மேனேஜர் ஓடி வந்தார்.

"சார், புது சீட்டு சார். கறை பட்டுடும்."

"பில்லு போடற வரைக்கும் இது உன் வண்டிதானே நைனா? பட்டா உனக்குத்தானே?"

பாதிக் கட்டணம் போதும் என்றார் மேனேஜர். இவர் மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் என்ன விஷயம் என்று விசாரிக்க, வாய் நிறையச் சோற்றுடன் விளக்க ஆரம்பித்தார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும், கட்டணமே வேண்டாம் என்று கும்பிட்டார் மேனேஜர்.

கார்டைத் தேய்த்தேன். பில் வந்தது. சந்தோஷம் தாங்காமல் ரெண்டு பர்சென்ட் கையை உயர்த்த, விரலிடுக்கில் இருந்த மாங்காய்த் துண்டு, எங்களுக்குச் சொந்தமாகி ஒரு நிமிடம்கூட ஆகாத சீட்டில் விழுந்தது.

லுங்கி நுனியால் துடைத்தார். கறை இன்னும் பரவியது. மறுபடி துடைக்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். அப்பா மெதுவாக ஏறி, அந்தக் கறைமேலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சொன்னார்.

"கெடக்கட்டும் தம்பி. ஏறு, வீட்டுக்குப் போவோம்."

அப்பா இப்போது அதே இடத்தில் உட்கார்ந்து, குலுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், திங்கட்கிழமை மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். காரை சர்வீஸுக்கு விடும்போது மட்டும் மறக்காமல் சொல்லிவிடுவேன்: எல்லாவற்றையும் துடையுங்கள், பின்சீட்டில் இருக்கும் அந்தக் கறையைத் தொடாதீர்கள்.