ஹன்னாவுக்கு ஓர் அப்பா

"யாருங்க அந்த ஹன்னா? தூக்கத்துல பேர் சொல்றீங்க."

வள்ளி காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"செத்து முந்நூறு வருஷமாச்சுடி. மேனேஜர் பொண்டாட்டியோட கொள்ளுப்பாட்டிக்குக் கொள்ளுப்பாட்டிக்குக் கொள்ளுப்பாட்டி. அவளுக்கு அப்பன் தேடிட்டிருக்கேன்."

வள்ளி நம்பவில்லை. சேனாபதிக்கே ஹன்னா மேல் நம்பிக்கை இல்லை.

ரிச்சர்ட்சன் என்கிற அமெரிக்க ஊரில் அவன் கம்பெனி வம்சாவளி தேடும் சாஃப்ட்வேர் விற்றது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பும் என்ற ஒய்டூகே வேலை முடிந்து, ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த வருஷம். மேனேஜர் கார்லின் மனைவி லிண்டாவுக்கு ராஜவம்சம் வேண்டியிருந்தது. ஹன்னா எட்வர்ட் என்கிற குவேக்கர் சபைப் பெண், வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தவள். அவளுக்கு மேலே இங்கிலாந்து ராஜரத்தம் என்று வீட்டில் பேச்சு. ஆனால் அப்பன் யாரென்று தெரியாமல் வம்சம் அவளோடு முட்டி நின்றது. சேனாபதியின் கிரீன் கார்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் கார்ல்.

"ராஜா வீட்டுப் பொண்ணு எதுக்குக் கடல் தாண்டி வந்து காடு வெட்டணும்?"

கல் உடைத்தவர் மகனான சேனாபதிக்குச் சந்தேகம். இருந்தாலும் கையெழுத்தை நினைத்துக்கொண்டு தேடினான்.

அவனுக்கு முன்னால் தேடியவர்கள் எட்வர்ட் குடும்பம் எங்கே என்று தேடினார்கள். சேனாபதி பழனியப்பன் என்றால் பழனியப்பன் மகன். ஹன்னா எட்வர்ட் என்றால் எட்வர்ட் மகள். இதிலென்ன ஆராய்ச்சி? அவள் கிராமத்தில் எட்வர்ட் ஓவன் என்று ஒருவன் அகப்பட்டான். அவனை ஹன்னாவுக்கு அப்பனாக்கி முடிச்சுப் போட்டான் சேனாபதி. அவன் வழியாக ஏறினால் உச்சியில் ராஜா உட்கார்ந்திருந்தார்.

லிண்டா ஆனந்தத்தில் அழுதுவிட்டாள்.

பக்கத்து சீட் ஹாஜா நஜ்முதீன் எட்டிப் பார்த்தார்.

"யோவ், அப்பன் எட்வர்ட் ஓவன்னா பொண்ணு ஹன்னா ஓவன்தானே? இங்க குடும்பத்துக்கே கடைசிப் பேரு ஒண்ணுதான்யா. நம்ம கார்ல் மில்லரோட அப்பா ஜான் மில்லர்."

"அப்ப மில்லர் யாரு பாய்?"

"எப்பவோ மாவரைச்ச எவனோ!"

சேனாபதி அவசரமாக ஹன்னாவின் பக்கத்தைத் திறந்தான். சத்தமில்லாமல் முடிச்சை அவிழ்த்தான். சாயங்காலமே லிண்டா போன் பண்ணினாள்.

"என் ராஜாவைக் காணோமே?"

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது மேடம்," என்று மறுபடி போட்டான். "வெரிஃபை பண்ணிட்டு வெளிய சொல்லலாமே…" என்று இழுத்தும் பார்த்தான்.

நல்ல யோசனை என்றாள் லிண்டா. வெரிஃபை பண்ண, குவேக்கர் வரலாற்றில் ஊறிய ஒரு கிழவியை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வரவழைத்தாள். கிரீடம் வைத்த கேக் வெட்ட ஆபீஸ் முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

பார்ட்டியில் கிழவி மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, வம்சப் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். சிரிப்பே இல்லை.

"இந்த அப்பாவைச் சேர்த்தது யார்?"

கார்லின் விரல் சேனாபதியைக் காட்டியது.

"ஊருக்கு டிக்கெட் போட்டுடலாமாங்க?" என்று வள்ளி காதைக் கடித்தாள்.

"நான்தான் மேடம். தெரியாம…"

கிழவி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயுசு பூரா நான் தேடின ஆள் இவர்தான்! அப்பா பேரைப் பின்னால போட்டுக்கிறது அந்தக் காலத்து வேல்ஸ் வழக்கம், இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தோணலை. ஏன் தம்பி, உனக்குப் பூர்வீகம் வேல்ஸா?"