பிழையே இல்லாத மென்பொருள்

ஏழூர் நாடு என்று ஒரு நாடு. அங்கே ஊருக்கொரு நூலகம் உண்டு. ஓர் ஊரில் இருக்கும் புத்தகம் அடுத்த ஊருக்குத் தெரியாது. அந்தக் குறையைப் போக்க ஏழு நூலகர்களும் கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஏழூர்ப் புத்தகங்களையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதற்கு உரிமையாளர் கிடையாது. யாரும் பார்க்கலாம், பிழை கண்டால் யாரும் திருத்தலாம்.

மூன்று வருட வேலை. சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். பிழை கண்டுபிடித்தவருக்கே முதல் வடை என்பது அவர்கள் வழக்கம். கடைக்கோடி ஊரான அருவிக்கரையின் நூலகர் அல்லியம்மைதான் அதிக வடை தின்றவர். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

மன்னர் கையால் தொடக்க விழா நடந்தது. விழா முடிந்ததும் அறிவுத்துறை அமைச்சர் நூலகர்களை அழைத்தார்.

"இதில் பிழை ஏதும் இல்லையே?"

"மென்பொருள்னா பிழை இருக்கத்தான் செய்யும் ஐயா. திருத்தத் திருத்தச் சரியாயிடும்" என்றார் அல்லியம்மை.

"அப்படியானால் மன்னர் பிழையைத் திறந்து வைத்தார் என்கிறீர்களா?"

நூலகர்கள் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

முதல் ஆணை மறுநாளே வந்தது: புத்தகப் பட்டியலுக்கு முன்னால் மன்னரின் படம் தோன்ற வேண்டும். படம் முழுதாக வரும்வரை வாசகர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டாவது ஆணை: பிழை இருப்பதாகச் சொல்பவரே அந்தப் பிழையைச் செய்தவராகக் கருதப்படுவார். சனிக்கிழமைக் கூட்டம் நின்றது. மூன்று மாதம் கழித்து, "ஒரு புகார்கூட இல்லை! உலகின் முதல் பிழையற்ற மென்பொருள் நம்முடையது!" என்று அமைச்சர் அவையில் முழங்கினார். மேசைகள் அதிரத் தட்டினார்கள்.

ஆனால் பிழை இருந்தது. பட்டியலில் ஏழு இடங்கள்தான் உண்டு. மன்னரின் படம் முதலிடத்தில் உட்கார்ந்ததும் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கீழே நகர்ந்து, ஏழாவதான அருவிக்கரை திரையிலிருந்தே விழுந்துவிட்டது. ஏழு என்பதை எட்டு என்று மாற்றினால் போதும். மாற்றினால், மாற்றியவர் பெயர் எல்லார் கண்ணிலும் படும். திறந்த மென்பொருள் அல்லவா!

மூன்றாவது ஆணை: திரையில் புத்தகம் காட்டாத நூலகங்கள் மூடப்படும்.

அதிகாரி பூட்டோடு அருவிக்கரைக்கு வந்தார். கூட்டமைப்பின் சாட்சியாக, ஆறாவது ஊரின் நூலகரும் உடன் வந்திருந்தார். மன்னரின் படத்தைச் சேர்க்கும் நிரல் வரிகளை மென்பொருளில் எழுதியவர் அவர்தான்.

நாலாயிரம் புத்தகங்களுக்கு நடுவே அல்லியம்மை நின்றுகொண்டிருந்தார். "இந்தா இருக்கே ஐயா, கண்ணால பாருங்க."

"கண்ணால் பார்ப்பது அரசு ஆவணம் ஆகாது, அம்மா. திரையில் ஒன்றுமில்லை."

"அப்ப திரைதான் தப்பு."

அதிகாரி ஆவலாகப் பேனாவைத் திறந்தார். "பிழை இருக்கிறது என்கிறீர்களா?"

அல்லியம்மை சாட்சியின் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்குத் தெரியும்ல? நீங்களாவது சொல்லுங்க."

சாட்சி திரையில் இருந்த மன்னரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நானே சொல்றேன். பிழைதான். எழுதிக்கங்க" என்றார் அல்லியம்மை.

பிழையைச் செய்த குற்றத்துக்காக அவர் அன்றே வேலை நீக்கம் செய்யப்பட்டார். நூலகம் பூட்டப்பட்டது. தேர்வுக்குப் படிக்க வந்திருந்த பெண்கள் வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

அந்தச் சாட்சி நான்தான். ஒரே ஒரு எண். சொல்லியிருக்கலாம். அதை நினைக்காத நாளில்லை.

இளவரசரின் படத்தையும் சேர்க்கச் சொல்லி நேற்று எனக்கு ஆணை வந்திருக்கிறது. பட்டியலில் இப்போது கடைசியாக இருப்பது என் ஊர். பிழை என்று சொல்ல அல்லியம்மையும் இல்லை.