ராஜகிரி வானத்துக்கு ஐம்பத்தேழு சாட்சிகள்

"பாத்தேன்னு சொன்னேன் சாரு. கைநாட்டு வெக்கறேன்னு எப்ப சொன்னேன்?" விருத்தாம்பாள் கட்டைவிரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

செஞ்சித் தாலுகா அலுவலகத்தின் தற்காலிக எழுத்தன் இளையபெருமாளின் எதிர்காலமே அந்தக் கட்டைவிரலில்தான் இருந்தது. அறுபத்து நான்காம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி, பட்டப்பகலில் ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே பளபளப்பான பொருளொன்று அந்தரத்தில் நின்றதாகக் கலெக்டருக்கு யாரோ மொட்டைக் கடிதம் எழுதிவிட்டார்கள். கண்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டும்படி ஒரு மாதம் கழித்துக் கடலூரிலிருந்து உத்தரவு வந்தது. "அஞ்சு சாட்சியாவது வேணும். இல்லேன்னா உம்ம வேலைய நிரந்தரமாக்குற உத்தரவுல என் கையெழுத்து விழாது" என்று, புதிதாக மாற்றலாகி வந்திருந்த தாசில்தார் சொல்லிவிட்டார்.

"கோர்ட்டு, கேசு ஒண்ணும் கெடயாதும்மா. கலெக்டருக்குப் போற லிஸ்ட்டுல உம் பேரு ஏறும், அவ்ளோதான்."

கட்டைவிரல் உடனே வெளியே வந்தது. "பாறைல வேர்க்கடல காயவெச்சிக்கினு இருந்தேன். அண்ணாந்து பாத்தா, வெள்ளித் தாம்பாளமாட்டம் நிக்குது."

கலெக்டருக்குப் பட்டியல் போகிறதென்றால், அது வீட்டுமனைப் பட்டாவுக்கல்லாமல் வேறெதற்கு? நண்பகலுக்குள் வரிசை கடைத்தெருவரை நீண்டது. எல்லாரும் பார்த்திருந்தார்கள். சைக்கிள் கடை பெரியதம்பி பார்த்தது தேர்ச்சக்கரம். தைலம்மாள் கண்டது கவிழ்த்த அண்டா. குஞ்சம்மாள் கண்டதற்கு வால் இருந்தது.

"ஒரே வானத்துல எத்தன சாமான்யா நிக்கும்?" தாசில்தார் சீறினார். "எல்லாம் ஒத்துப்போகணும்!"

இளையபெருமாள் விருத்தாம்பாளின் வாக்குமூலத்தை வரிசை முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தான். அதன்பின் கருத்து வேற்றுமை அறவே ஒழிந்தது. பெரியதம்பிகூடச் சைக்கிள் கடை வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தான்.

"அம்பத்தாறு பேரு கடலைய எங்கய்யா காயவெச்சாங்க? பாறைல எடம் பத்துமா?" தாசில்தார் மறுபடி சீறினார்.

இளையபெருமாள் பேனாவை எடுத்து, ஆளுக்கொரு வேலை கொடுத்தான். ஒருவரை மாடு மேய்க்க அனுப்பினான். ஒருவரைத் துணி துவைக்க வைத்தான். இவ்வளவு திருத்தத்துக்கும் ஒரு கனம் வேண்டுமே என்று, ஐம்பத்தேழாவது சாட்சியாகத் தன்னையே சேர்த்துக்கொண்டான். 'அலுவலக வாசலில் நின்று யானும் கண்டேன்' என்று எழுதிய மை உலர்வதற்குள், கண்டதாகவே அவனுக்கு நினைவு வந்துவிட்டது. தாம்பாளத்தின் விளிம்பில் வெயில் பட்டுக் கண் கூசியதுகூட.

மாலையில் கடலூர் அதிகாரி ஜீப்பில் வந்து வாக்குமூலக் கட்டைப் புரட்டினார். "பிரமாதம்! அரசாங்க ஊழியரே சாட்சி!"

தாசில்தார் முகம் மலர்ந்து, நிரந்தர உத்தரவை மேசைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

அந்நேரம் பார்த்து, இளையபெருமாளின் அடுத்த வீட்டு அருளம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "லிஸ்ட்டுல எம்பேரையும் எழுதிக்க சாரு. ஆனா நான் ஒண்ணும் பாக்கல."

"பாக்காதவங்களுக்கு இங்க இன்னா வேல? போம்மா!" இளையபெருமாள் விரட்டினான்.

"பாத்தேன்னு பொய் சொன்னா, பாவசங்கீர்த்தனத்துல சாமியாருக்கு யாரு பதில் சொல்றது?"

அதிகாரி சிரித்தார். "இருங்கம்மா. அன்னிக்கு ஊர்லதான் இருந்தீங்களா?"

"நான் மட்டுந்தாங்க இருந்தேன். அன்னிக்கு எம்மவ லில்லிக்குப் பொறந்த நாளு. பாயசம் குடுக்கலாம்னா ஒரு வூட்லயும் ஆளில்ல. அமாவாசைன்னு ஊரே மலையனூர் அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறிடுச்சி. இந்த சாருகூட லீவு போட்டுட்டு, வூட்டுச் சாவிய எங்கிட்டதான குடுத்துட்டுப் போனாரு!"