மூன்றாவது கும்பிடு

குடித்துவிட்டு ரகளை செய்கிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம். குடித்துவிட்டு மரியாதை செய்கிறவர்கள்தான் ஆபத்து. நான் இந்த இரண்டாவது ரகம் என்பது முப்பது வயது தாண்டும்வரை எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள யாங்கோனிலிருந்து விமானம் ஏறி, கொரியாவரை போக வேண்டியிருந்தது. போன வேலையைக் கெடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அதை இன்னும் மறக்கவில்லை. மறக்க அம்மா விடுவதாகவும் இல்லை.

யாங்கோனில் லான்மடா வட்டாரத்தில் ஓர் இறக்குமதிச் சாமான் கடை. அதில் பில் போடுகிறவள் நான். சூ சூவும் மோ மோவும் அதே கடையில் விற்பனைக்கு நிற்கிறவர்கள். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, மூன்று பேருக்கும் ஒரே ஆசை. கொரியத் தொடர்களில் வரும் பெண்கள் வேலை முடிந்ததும் தெருவோரக் கூடாரக் கடையில் உட்கார்ந்து, பச்சைப் பாட்டிலைத் திறந்து சோஜு குடித்து, மேலதிகாரியைத் திட்டி, தோளோடு தோள் சாய்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களே, அதே மாதிரி ஒரு தடவையாவது போக வேண்டும். (எங்கள் மேலதிகாரி நல்ல மனுஷர். திட்டுவதற்கு விஷயம் இல்லாமல் மோ மோ கொஞ்சம் கஷ்டப்பட்டாள்.)

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன ஆசையாகத் தெரியலாம். இங்கே இருட்டினால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். கரண்ட் வரும் நேரத்துக்குள் சோறு வடிக்க வேண்டும், தண்ணீர் ஏற்ற வேண்டும், போனுக்குச் சார்ஜ் போட வேண்டும். வாலிபத்தில் பாதியை ராத்திரி ஆவதற்குள் வீடு சேருவதிலேயே செலவழித்தவர்கள் நாங்கள். வெளிச்சமான ஒரு தெருவில் ராத்திரி நேரத்தில் காரணமே இல்லாமல் நடக்க வேண்டும் என்று நான் ஏங்கியிருக்கிறேன். குடி என்பது அதற்கு ஒரு சாக்கு.

அம்மாவிடம் குடியைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அண்ணன் குமார் கொரியாவுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சிறிய தொழிற்சாலையில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்கிற வேலை. அப்பா இறந்த பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது அண்ணன் ஒருவனால்தான். அவன் மாடிப்படி ஏறும்போதே கீழ்வீட்டுக்காரி டோ மியாவிடம் இரண்டு வார்த்தை வம்பு பேசிவிட்டுத்தான் வருவான். அவன் போன பிறகுதான் எங்கள் மிங்கலா தாங்ஞுன்டு பேட்டையில் ரயில் போகிற சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எங்களுக்குத் தெரிந்தது. அம்மா மூன்று பேருக்கு உலை வைப்பதை நிறுத்தவேயில்லை. மிஞ்சின சோற்றை மறுநாள் காலையில் தாளித்து நான் சாப்பிடுவேன். அவனை நினைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன்.

அவனுடைய ஒப்பந்தம் முடிகிற சமயம் அது. முதலாளி கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம் நீளும், போடாவிட்டால் வீட்டுக்கு வரலாம். அம்மா எனக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ எங்க வேணாலும் சுத்து, செல்வி. வரும்போது அவன கையோட கூட்டிக்கிட்டு வந்துரு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

சரி என்றேன். பெரிய சூரப்புலி மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

முதல் இரண்டு ராத்திரியும் நாங்கள் கனவு கண்ட மாதிரியே இருந்தன. கோழி வறுவலும் பீரும், பிறகு சோஜு, பிறகு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பாட்டு அறை. சூ சூ மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள். வெளியே வந்தால் தெரு முழுக்க ஜனங்கள், எல்லாக் கடையிலும் விளக்கு. ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோ மோ திடீரென்று அழுதாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்ல, எவ்ளோ வெளிச்சம் பாரு" என்றாள். நானும் சேர்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் அண்ணன் ஊருக்குப் போனோம். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தான். கூடப் பிறந்த தங்கைக்கு. அப்புறம்தான் அவனுக்கே உறைத்து, என் தலையில் குட்டினான். முதலில் பர்மியில்தான் பேசினான். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச ஆளே இல்லாமல் நாக்கு மறந்துபோச்சு என்றான். அந்த நிமிஷமே அவனைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் முதலாளி எங்களுக்கு விருந்து வைத்திருந்தார். போகிற வழியில் அண்ணனிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் நடையை நிறுத்தினான்.

"என்னால அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது, செல்வி. எனக்குக் கை ஒடிஞ்சப்ப ஆஸ்பத்திரில ராவெல்லாம் கூட ஒக்காந்திருந்த மனுசன். எனக்கு ஆனாடே. நீ சொல்லு. நீ சொன்னா நான் வர்றேன்."

ஆனாடே என்பது பர்மிய வார்த்தை. ஒருத்தர் மனம் நோகுமே என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிடுகிற அந்தச் சங்கடம். தமிழில் முகதாட்சண்யம் என்று சொல்லலாம், ஆனால் நாங்கள் அதைப் பர்மியில்தான் அனுபவிக்கிறோம். சரி, நான் சொல்கிறேன் என்றேன். தொடர்கள் பார்த்தே கொரிய மொழி ஓரளவு வரும். 'அம்மா தனியாக இருக்கிறார், அண்ணனை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.' அவ்வளவுதான் வாக்கியம். விமானத்திலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அண்ணனுக்குச் சொல்லிக் காட்டினேன், உச்சரிப்பு சுத்தம் என்றான்.

முதலாளி அறுபது தாண்டியவர். வெள்ளைச் சட்டை, பெரிய காது, மெதுவான பேச்சு. பக்கத்தில் அவர் மனைவி. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அறை. குளிருக்காகத் தரைக்கு அடியிலேயே சூடு வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. உட்கார்ந்ததும் எனக்கு அங்கிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

அவர் சோஜு ஊற்றினார். எங்கள் ஊரில் பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டுதான் வாங்குவோம். வெற்றிலைக் கடையில் மீதிச் சில்லறைகூட அப்படித்தான். அதே மாதிரி வாங்கினேன். முதலாளி கண் விரிந்துபோயிற்று. அவர்கள் வழக்கமும் அதுவேதானாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறந்துவிட்டார்களாம். மனைவியிடம் என் முழங்கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். பெரியவர் முன்னால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது தொடர்களில் பார்த்தது. திருப்பிக்கொண்டேன். சுவரில் ஒரு காலண்டர், அதில் சிரித்தபடி ஒரு பெண். அன்றைக்கு அவளைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

அங்கேதான் பிசகு ஆரம்பித்தது. கொடுத்ததை மிச்சம் வைத்தால் கொடுத்தவருக்கு அவமரியாதை என்று சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். அதனால் கிளாஸைச் சுத்தமாகக் காலி செய்து வைத்தேன். விருந்தாளியின் கிளாஸ் காலியாக இருந்தால் அவமரியாதை என்று சொல்லி அவரை வளர்த்திருந்தார்கள். அதனால் அவர் நிரப்பினார். நான் காலி செய்தேன். அவர் நிரப்பினார். பதிலுக்கு நான் அவருக்கு ஊற்ற, அவரும் குடித்து வைத்தார். இரண்டு நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மரியாதையாலேயே கவிழ்த்துக்கொண்டிருந்தோம். போதும் என்றால் கிளாஸில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்பது மோ மோவுக்குத் தெரிந்திருந்தது. அவள் அதை என்னிடம் சொன்னது திரும்பி வரும் விமானத்தில்.

நடுவில் நான் வேலையை மறக்கவில்லை. "ஐயா, எங்கள் அம்மா..." என்று ஆரம்பித்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டு, அம்மாவின் ஆரோக்கியத்துக்காக ஒன்று ஊற்றினார். மறுபடியும் "அம்மா தனியாக..." என்றேன். அவர் மனைவியின் கண் கலங்கிவிட்டது, தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்காக இன்னொன்று. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. உட்கார்ந்தபடி கேட்டால் எந்தப் பெரியவர் தருவார்? எங்கள் வழக்கம் என்ன? மன்னிப்புக் கேட்டாலும், விடைபெற்றாலும், ஏதாவது வேண்டிக் கேட்டாலும் முதலில் மண்டியிட்டு மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். பர்மியில் அதற்குக் கடோ என்று பேர். பௌத்தர், இந்து என்ற வித்தியாசம் இல்லாமல் எங்கள் தெருவில் எல்லோரும் பெரியவர்களுக்குச் செய்வோம். வணங்கி முடித்து, மண்டியிட்டபடியே கேட்டால் கல் மனசும் கரையும். இது சோஜுவின் யோசனை இல்லை, என்னுடைய சொந்த யோசனை என்று அப்போது நினைத்தேன்.

எழுந்தேன். உடையைச் சரி செய்துகொண்டேன். மண்டியிட்டு, கைகூப்பி, முதல் கும்பிடு போட்டேன். இரண்டாவது. வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூன்றாவது கும்பிடில் நெற்றி தரையில் பட்டது. தரை சுகமான கதகதப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. ஆழ்ந்த மரியாதை என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தார்களாம். முதலாளி தானும் மண்டியிட்டு எனக்குப் பதில் வணக்கம் செய்தாராம். நான் எழாமல் தான் எழுவது முறையில்லை என்று அவரும் தலை குனிந்தபடியே இருந்திருக்கிறார், பாவம், அந்த வயதில். கடைசியில் என் குறட்டைதான் அவரை விடுவித்தது. (குறட்டை இல்லை, பெருமூச்சுதான் என்று மோ மோ இன்றுவரை எனக்காக வாதாடுகிறாள்.) அவர் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்திவிட்டு அண்ணனிடம் சொன்னாராம்: "இப்படி ஒரு குடும்பம் தரையில் விழுந்து தன் பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கும்போது நான் எப்படி அவனை விடுவேன்?"

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நெற்றியில் சிவந்த அடையாளத்தோடு நான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அண்ணன் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எங்களை வழியனுப்ப ஓடி வந்தான். இப்போதே வா, தெளிவாக இருக்கிறேன், அவரிடம் போய்ச் சொல்கிறேன் என்று அழுதேன். அவன் என் கையில் ஆளுக்கொரு வாழைப்பழப் பால் டப்பாவைத் திணித்தான்.

"வேணாம், செல்வி. மரியாதையா முடிஞ்சிருச்சு. அப்படியே இருக்கட்டும்."

யாங்கோன் விமான நிலையத்தில் அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்ததிலிருந்து குறட்டை வரைக்கும் அங்கேயே சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். டாக்ஸியில் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் யார் காலிலும் நிம்மதியாக விழ முடிந்ததில்லை. "செல்வி கும்புட வர்றா, ஒரு தலகாணி கொண்டாங்க" என்பார் மாமா. ஊரில் எல்லோரும் பெண்ணைத் தாரை வார்ப்பார்கள், இவள் அண்ணனைத் தாரை வார்த்துவிட்டு வந்தாள் என்பது அத்தையின் பங்கு. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சிரிக்கும்போது ஒன்று மட்டும் உள்ளே குத்தும். அன்றைக்கு அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கையெழுத்துப் போடும் காலையில் அவன் முதலாளிக்கு எதிரில்தான் நின்றிருந்தான். அந்த வாக்கியம் அவனுக்கு என்னைவிட நன்றாகச் சொல்ல வரும். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள்; இப்போது ஊருக்கு வந்தால் மறுபடி வெளியே போக முடியுமா என்பது எந்த வாலிபனுக்கும் தெரியாத காலம் இது. அவன்தான் வாய் திறக்கவில்லை என்பதை அம்மாவிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. பழி என்மேல் இருக்கும்வரை அவளுக்கு மகன் மேல் வருத்தம் வராது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், இணைப்பும் போனது. அவன் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுபோய், அப்புறம் அதுவும் மறைந்தது. அம்மா போனைத் தரையில் வைத்தாள்.

"நீ முழிச்சிட்டிருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான், செல்வி," என்றாள். "வரவும் வேணாம். இங்க வந்து அவன் என்ன பண்ணுவான்?"

இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எதை அவளிடமிருந்து மறைத்தேனோ, அதை அவள் என்னிடமிருந்து மறைத்திருக்கிறாள். அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். கொசு விரட்டிக்கொண்டே தலையைத் தடவினாள்.

அடுத்த வாரம் டோ மியா தன் புது மருமகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"இவ மட்டும் அன்னிக்குத் தூங்காம இருந்திருந்தா, எம் புள்ள இந்நேரம் இங்க ஒக்காந்திருப்பான்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "தப்பு என்னோடதுதான்."

புது மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எப்படிக் கும்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று செய்து காட்டச் சொன்னாள். நான் பாயை விரித்தேன்.